இயந்திரத்துக்கு உரிமம் உண்டு; இயக்குபவருக்கு?

டிராம்பே: மும்பை செம்பூரிலிருந்து சயான்-டிராம்பே சாலையில் சென்றால், தேவ்னாரைத் தாண்டிச் சிறிது நேரத்தில் அணுசக்தி நகர் வந்துவிடுகிறது. நாட்டின் முதல் அணு உலையான அப்சரா 1956 ஆகஸ்ட் 4-ஆம் தேதி செயல்படத் தொடங்கியது இந்த டிராம்பேயில்தான். அணுகுண்டு, அணு மின்சாரம், அமெரிக்க ஒப்பந்தம் என்று பேச்சு எழும்போது மட்டுமே தில்லியின் கவனம் இப்பக்கம் திரும்புவது வழக்கம். ஆனால் நாடாளுமன்றத்தில் அதிகம் பேசப்படாத வேறொரு விஷயத்துக்கும் டிராம்பேதான் தலைமையிடம். இந்தியாவின் எந்த மூலையிலும், ஒரு நோயாளியின் உடலில் எக்ஸ்-ரே கதிரைச் செலுத்துபவர் என்ன படித்திருக்க வேண்டும் என்ற விதி எழுதப்பட்டது இங்கேதான்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமையகமான 'நியாமக் பவன்' அணுசக்தி நகரில் அமைந்துள்ளது. 1983 நவம்பர் 15-ஆம் தேதி உருவாக்கப்பட்ட இந்த வாரியத்தின் பொறுப்பு அணுமின் நிலையங்களோடு முடிந்துவிடுவதில்லை. தாலுகா ஊரில் உள்ள எக்ஸ்-ரே கூடம், பல் மருத்துவரின் சிறு கருவி, சி.டி. ஸ்கேன், புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபால்ட் இயந்திரம் என மருத்துவக் கதிர்வீச்சுக் கருவிகள் அனைத்தும் அதன் வரம்புக்குள் வருகின்றன.

அதே அணுசக்தி நகரில் ஒரு வகுப்பறையும் இருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியல் இயற்பியல் பட்டயப் படிப்பு 1962-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மருத்துவமனைப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த நாட்டில் ஒரு முன்மாதிரி தேட வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. விதியை எழுதும் அலுவலகத்தின் அருகிலேயே அது அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. ஆனால் நாடெங்கும் எக்ஸ்-ரே தொழில்நுட்பம் படிக்கும் பெருந்திரளான மாணவர்களை அந்த முன்மாதிரி எட்டவில்லை. அதற்கான காரணத்தை டிராம்பேயில் தேடுவதில் பயனில்லை. அது தில்லியில், நாடாளுமன்றக் கோப்புகளில் இருக்கிறது.

ஓராண்டு பாடம், ஓராண்டு மருத்துவமனை

புற்றுநோய்க்குக் கோபால்ட் கதிர்ச் சிகிச்சை இந்தியாவில் பரவத் தொடங்கிய காலத்தில், மருத்துவர்களுக்கு ஒரு புதிய துணை தேவைப்பட்டது. கட்டியின் மீது எவ்வளவு கதிர் விழுகிறது, அதைச் சுற்றியுள்ள நல்ல திசுக்களுக்கு எவ்வளவு போகிறது, பக்கத்து அறையில் நிற்பவருக்கு எவ்வளவு எட்டுகிறது என்று கணக்கிடத் தெரிந்த இயற்பியலாளர்தான் அந்தத் துணை. இதற்காகவே உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் டிராம்பே படிப்பு தொடங்கப்பட்டது.

இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களே இதில் சேர முடியும். முன்பு மும்பைப் பல்கலைக்கழகம் அளித்துவந்த பட்டயத்தை, 2005-இல் நிகர்நிலை அந்தஸ்து பெற்ற ஹோமி பாபா தேசியக் கழகம் இப்போது அளிக்கிறது. கதிர்வீச்சு இயற்பியல், கதிர் அளவீடு, உயிரணுக்கள் மீது கதிர் செய்யும் வேலை, உடற்கூறியல், பாதுகாப்புச் சுவர்களின் தடிமனைக் கணக்கிடுதல், சட்ட விதிகள் என ஓராண்டு முழுவதும் பாடமும் செய்முறையும் நடக்கின்றன. சேருபவர்களின் எண்ணிக்கை ஒரே வகுப்பறையில் அடங்கிவிடும்.

இதில் கவனிக்கத்தக்கது, தேர்வுக்குப் பிறகு வரும் ஓராண்டு. பட்டயம் கையில் கிடைத்த உடனேயே ஒருவர் முழுத் தகுதி பெற்ற மருத்துவ இயற்பியலாளராகிவிடுவதில்லை. போதிய வசதியுள்ள கதிர்ச் சிகிச்சைத் துறை ஒன்றில், அனுபவமிக்க இயற்பியலாளரின் மேற்பார்வையில், பன்னிரண்டு மாதங்கள் உள்ளிருப்புப் பயிற்சி பெற்றாக வேண்டும். அதன் பிறகே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாவதற்கான தேர்வை எழுதலாம். அப்படியோர் அதிகாரி இல்லாமல் கதிர்ச் சிகிச்சை மையம் இயங்க வாரியம் இசைவதில்லை. மருத்துவமனைக்குள் கழித்த அந்த ஓராண்டு இல்லையெனில், முதல் ஆண்டின் மதிப்பெண்களால் பெரிய பயன் கிடையாது.

பாபா மையத்தின் மற்றொரு கிளையான கதிர்வீச்சு மருத்துவ மையம், டிராம்பேயிலிருந்து சற்றுத் தள்ளி, பரேலில் டாடா நினைவு மருத்துவமனையின் இணைப்புக் கட்டடத்தில் 1963 முதல் இயங்கிவருகிறது. அணு மருத்துவத் தொழில்நுட்பர்களுக்கான பட்டயப் படிப்பைப் பல பத்தாண்டுகள் நடத்திய இடம் இது. அங்கே மாணவருக்கு ஆசிரியர் கடிகாரம் என்றுதான் சொல்ல வேண்டும். நோயாளிக்குச் செலுத்தும் டெக்னீசியம் தனிமத்தின் அரை ஆயுள் ஆறு மணி நேரம். ஈயப் பெட்டிக்குள் இருக்கும் ஜெனரேட்டரிலிருந்து அதைக் காலையில் எடுப்பதற்கு அந்தத் தொழிலில் 'கறப்பது' என்றே பெயர். கறந்த நேரம், அளந்த அளவு, நோயாளியின் எடை, ஊசி போடும் நேரம் ஆகிய நான்கும் ஒத்துப்போகாவிட்டால் படம் தெளிவாக வராது. உடலுக்குள் போன கதிரும் வீணாகிவிடும். வகுப்பில் அரை ஆயுள் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதிய மாணவர், ஒரு நோயாளி தாமதமாக வந்து சேரும்போதுதான் அதன் பொருளைக் கற்றுக்கொள்கிறார்.

'சாஸ் ரோகோ'

இவர்களெல்லாம் எண்ணிக்கையில் சிலர். நாட்டின் மருத்துவமனைகளில் அன்றாடம் நோயாளிகளைச் சந்திப்பவர் எக்ஸ்-ரே தொழில்நுட்பர். பிளஸ் டூவில் அறிவியல் படித்துவிட்டுப் பட்டயத்திலோ பட்டப்படிப்பிலோ சேர்ந்தவர். அவருடைய வேலையைச் சுவிட்சை அழுத்தும் வேலை என்று கருதும் மனப்போக்கு நோயாளிகளிடம் மட்டுமன்றி, சட்டம் இயற்றுபவர்களிடமும் நெடுநாள் இருந்துவந்தது.

தாராவியை எடுத்துக்கொள்ளலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழர்கள் வாழும் பகுதி அது. காச நோயின் பாரம் மிகுந்த மும்பையின் நெரிசலான குடியிருப்புகளில் இருமலோடு மருத்துவமனைக்கு வருபவருக்கு முதலில் எழுதித் தரப்படுபவற்றில் ஒன்று மார்பு எக்ஸ்-ரே. இந்தியோ மராத்தியோ தெரியாத ஒரு முதியவள் கருவியின் முன் நிறுத்தப்படுகிறாள். 'சாஸ் ரோகோ' என்று உத்தரவு வருகிறது. மூச்சை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கினாலும், முதலில் மூச்சை முழுமையாக உள்ளிழுக்க வேண்டும் என்பது விளங்குவதில்லை. வெளியே விட்ட நிலையிலேயே மூச்சை அடக்கினால், நுரையீரல் சுருங்கி, அடிப்பகுதியில் இல்லாத நிழல் ஒன்று படத்தில் விழுகிறது.

ஆகவே முதலில் மூச்சை இழுத்துக் காட்ட வேண்டும். கருவிக்கும் படத்தகட்டுக்கும் இடையே ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் தொலைவு வேண்டும். தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை மறைக்காதபடி தோள்களை முன்னோக்கி உருட்டி நிறுத்த வேண்டும். கதிர் விழும் பரப்பை மார்பு அளவுக்குக் குறுக்க வேண்டும். உடல் பருமனுக்கேற்ப மின்னழுத்தத்தையும் மின்னோட்ட அளவையும் மாற்ற வேண்டும். வலது, இடது குறியீட்டை மறக்கலாகாது. கருவுறும் வயதுப் பெண்ணாக இருந்தால், கடைசியாக மாதவிலக்கு வந்த நாளைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கேட்பவருக்கும் கூச்சம், சொல்பவருக்கும் கூச்சம் என்பதால் பல இடங்களில் விடுபட்டுப்போகும் கேள்வி இதுதான்.

இவற்றில் ஒன்று பிசகினாலும் படத்தை மீண்டும் எடுக்க வேண்டும். மீண்டும் எடுத்தால் கதிர் இரட்டிப்பாகிறது. மார்பு எக்ஸ்-ரே ஒன்றினால் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு 0.02 மில்லி சீவெர்ட் அளவே என்பதால் அங்கே ஆபத்து சொற்பம். வயிற்றுப் பகுதி சி.டி. ஸ்கேனில் அது 8 முதல் 10 மில்லி சீவெர்ட் வரை போகிறது. அதாவது நானூறு, ஐந்நூறு மார்பு எக்ஸ்-ரேக்களுக்குச் சமம். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களுக்கான அளவையே வைத்து ஸ்கேன் எடுத்தால் இயந்திரம் மறுப்புச் சொல்லாது. படமும் நன்றாகவே வரும். தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது.

இந்த வேலையைப் புத்தகத்தில் படிக்கலாம். மருத்துவமனையில்தான் கற்க முடியும். சென்னையில் 1934-இல் அரசுப் பொது மருத்துவமனையை ஒட்டித் தொடங்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிலையம் இதை நன்கு உணர்ந்திருந்தது. அங்கு பயின்று வெளிவந்த 'சான்று பெற்ற கதிரியல் உதவியாளர்கள்' தமிழக அரசு மருத்துவமனைகளின் எக்ஸ்-ரே அறைகளைப் பல ஆண்டுகள் தாங்கி நின்றார்கள். இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கதிரியல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் மூன்றாண்டுப் படிப்புக்குப் பின் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி உண்டு. நல்ல கல்லூரிகளில் சேர்ந்தவர்களுக்குக் குறையில்லை. சிக்கல் மற்றவர்களுக்கு. சொந்தமாக மருத்துவமனை இல்லாத பயிற்சி நிலையம், ஆறு மாதச் சான்றிதழ், எங்கோ ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் நோயாளிகளை வரிசையில் நிறுத்துவதே 'களப்பயிற்சி' என்ற நிலை ஆகியவை தெற்கே கன்னியாகுமரி முதல் வடக்கே தலைநகரின் புறநகர்வரை நிலவுகின்றன.

மாணவருக்கும் ஒரு வரம்பு

பயிற்சி என்பது நோயாளியின் பாதுகாப்போடு முடிந்துவிடுவதில்லை. மாணவரும் கதிரின் அருகில்தான் நிற்கிறார்.

வாரியத்தின் விதிப்படி, கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவெர்ட் உச்ச வரம்பு. எந்த ஓர் ஆண்டிலும் அது 30-ஐத் தாண்டக்கூடாது. சர்வதேசப் பரிந்துரை ஒற்றை ஆண்டுக்கு 50 வரை அனுமதிக்கும் நிலையில், இந்திய வரம்பு அதைவிடக் கடுமையானது. 18 வயது நிரம்பாத எவரையும் கதிர்வீச்சுப் பணியில் அமர்த்தக்கூடாது. 16 முதல் 18 வயதுக்குட்பட்ட பயிற்சி மாணவருக்கு ஆண்டுக்கு 6 மில்லி சீவெர்ட் மட்டுமே. பிளஸ் டூ முடித்தவுடன் பதினேழரை வயதில் முதலாண்டில் சேரும் மாணவர் இந்தப் பிரிவில்தான் வருகிறார். தமக்கென்று ஒரு தனி வரம்பு இருப்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவார்கள் என்பது கேள்விக்குறியே.

வரம்பு இருந்தால் போதாது, அளக்க வேண்டும். அதற்கான கருவியும் டிராம்பே தந்ததுதான். கதிர்வீச்சுக் கூடங்களில் பணியாற்றுவோர் மார்பில் அணியும் சிறு பட்டை 1975 முதல், பழைய ஃபிலிம் பட்டைக்குப் பதிலாகப் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது. டெஃப்லான் கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் மூன்று அதற்குள் இருக்கின்றன. உடலில் பட்ட கதிரை அவை சேமித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடேற்றினால் அந்தக் கணக்கை ஒளியாக வெளியிடும். பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி, அளந்து, பணியாளரின் பெயரில் பதிவு செய்கிறார்கள். ஈயக் கவசத்துக்கு உள்ளே அணிய வேண்டும், இன்னொருவருக்கு இரவல் தரக்கூடாது, பணி முடிந்ததும் எக்ஸ்-ரே அறைக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போகக்கூடாது என்பன பாலபாடம்.

ஒரு பயிற்சி நிலையத்தின் தரத்தை அறிய நீண்ட ஆய்வு தேவையில்லை. பயிற்சிக்கு வரும் மாணவரின் மார்பில் அவர் பெயரிலேயே அந்தப் பட்டை இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். பட்டைக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். நிரந்தர ஊழியருக்கு மட்டும் வாங்கிவிட்டு மாணவரைக் கணக்கில் சேர்க்காத நிறுவனம், பயிற்சியிலும் அவரைக் கணக்கில் சேர்த்திருக்க வாய்ப்பில்லை.

91 சதவீதம் என்ற எண்

2012 ஆகஸ்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையர் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்த ஓர் அறிக்கை, டிராம்பே எழுதிய விதிகள் களத்தில் எந்த நிலையில் இருந்தன என்பதை அம்பலப்படுத்தியது. நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்-ரே கூடங்களில் 5,270 மட்டுமே வாரியத்தில் பதிவு செய்யப்பட்டிருந்தன. எஞ்சிய 52,173, அதாவது 91 சதவீதம், வாரியத்தின் கண்காணிப்புக்கு வெளியே இருந்தன. மாநிலந்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் அமைக்க வேண்டும் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகும், தணிக்கையின்போது கேரளத்திலும் மிசோரமிலும் மட்டுமே அவை இருந்தன.

முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழு 2013 டிசம்பரில் தனது அறிக்கையை அளித்தது. வாரியத்துக்குத் தனிச் சட்டம் இல்லாதது பற்றியே அப்போது அதிகம் விவாதிக்கப்பட்டது. அது நியாயமான கவலைதான். ஆனால் பதிவாகாத 52 ஆயிரம் கூடங்களில் கதிரைச் செலுத்தியவர்கள் யார், எங்கே பயின்றவர்கள் என்ற கேள்வி அந்த விவாதத்தில் அமுங்கிப்போனது.

அதன் பிறகு நிலைமை மாறியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உரிமம் பெறும் நடைமுறையை வாரியம் இணையவழிக்கு மாற்றியது. 2016-இல் மருத்துவ எக்ஸ்-ரே கருவிகளுக்கான பாதுகாப்பு நெறிமுறையைத் திருத்தி வெளியிட்டது. கருவிக்கு வகை ஒப்புதல், அறையின் வரைபடம், குறித்த கால இடைவெளியில் தரச் சோதனை, தகுதி பெற்ற தொழில்நுட்பரின் விவரம், பாதுகாப்பு அதிகாரியின் பெயர் ஆகிய அனைத்தும் கேட்கப்படுகின்றன. சிறிய மருத்துவமனைகளில் உரிய சான்று பெற்ற எக்ஸ்-ரே தொழில்நுட்பரே பாதுகாப்பு அதிகாரியாகவும் நியமிக்கப்படலாம் என்பது குறிப்பிடத்தக்கது. அப்படியானால் மூன்றாண்டுக்கு முன் மாணவராக இருந்தவர், இன்று ஒரு மருத்துவமனையின் மொத்தக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கும் பொறுப்பாளி.

தொழில்நுட்பருக்குக் கருவியை இயக்கிப் பழகிய களப்பயிற்சி இருக்க வேண்டும் என்று நெறிமுறை சொல்கிறது. அந்தப் பயிற்சி உண்மையில் நடந்ததா என்று பார்க்க வாரியத்துக்கு வழியில்லை. அது கல்வி ஒழுங்குமுறை அமைப்பு அன்று. சான்றிதழைத்தான் அது பார்க்க முடியும். சான்றிதழை வழங்கிய நிலையத்தை யார் பார்ப்பது? மருத்துவருக்கு ஒரு கவுன்சில், செவிலியருக்கு ஒரு கவுன்சில், மருந்தாளுநருக்கு ஒரு கவுன்சில் இருந்த நாட்டில், எக்ஸ்-ரே தொழில்நுட்பருக்கு 2021 வரை தேசிய அளவில் எதுவும் இருக்கவில்லை. இமாசலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற சில மாநிலங்கள் மட்டும் தாமாகவே சட்டம் இயற்றிக்கொண்டன.

பதின்மூன்று ஆண்டுப் பயணம்

முயற்சி நடக்கவில்லை என்று கூற முடியாது. அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2007-இல் துணை மருத்துவம் மற்றும் இயன்முறை மருத்துவ மத்திய கவுன்சில்கள் மசோதா மக்களவையில் அறிமுகம் செய்யப்பட்டது. ஆய்வகத் தொழில்நுட்பம், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றுடன் கதிரியல் தொழில்நுட்பத்துக்கும் ஒரு மத்திய கவுன்சில் அமைக்க அது வழி செய்தது. நிலைக்குழுவும் பரிசீலித்தது. 2009-இல் பதினான்காவது மக்களவையின் ஆயுள் முடிந்தபோது மசோதாவும் காலாவதியானது.

சுகாதார அமைச்சகத்துக்காக 2012-இல் தயாரிக்கப்பட்ட ஓர் அறிக்கை, இத்தகைய பணியாளர்கள் நாட்டில் சுமார் 64 லட்சம் பேர் குறைவாக இருப்பதாக மதிப்பிட்டது. அதற்கும் ஆறு ஆண்டுகள் கழித்து, 2018-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, மாநிலங்களவையில் புதிய மசோதா வந்தது. மீண்டும் நிலைக்குழு, மீண்டும் திருத்தம், 2020 செப்டம்பரில் மீண்டும் ஒரு மசோதா. இறுதியாக 2021 மார்ச் 16-ஆம் தேதி மாநிலங்களவையிலும், 24-ஆம் தேதி மக்களவையிலும் தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் நிறைவேறியது. அப்போது அமைச்சர் ஹர்ஷ் வர்தன். கொரோனாவின் இரண்டாவது அலை எழுந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. மார்பு சி.டி. ஸ்கேன் மையங்களின் வாசலில் நாடெங்கும் வரிசை நீளவிருந்த நேரத்தில்தான், அந்த ஸ்கேனை எடுப்பவர்களுக்கு ஒரு சட்டம் கிடைத்தது.

துணை மருத்துவப் பணியாளர் என்றால் 2 முதல் 4 ஆண்டுகளில் குறைந்தது 2,000 மணி நேரமும், சுகாதாரத் தொழிலர் என்றால் 3 முதல் 6 ஆண்டுகளில் 3,600 மணி நேரமும் பயின்றிருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. தேசியப் பதிவேடு, மாநிலக் கவுன்சில்கள், நுழைவு மற்றும் வெளியேறும் தேர்வு ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. பதிவு செய்யாமல் தொழில் நடத்தினால் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மணிக்கணக்கை வகுத்த சட்டம், அதில் எவ்வளவு மருத்துவமனைக்குள் கழிய வேண்டும் என்பதைப் பாடத்திட்டத்துக்கே விட்டுவிட்டது.

ரத்து செய்ய ஓர் உரிமம்

பதிவேடு எதற்கு என்று கேட்பவர்கள் அமெரிக்காவில் நடந்ததை நினைவுகூரலாம். 2008 ஜனவரியில் கலிபோர்னியாவின் சிறிய ஊர் ஒன்றில், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு, சில நிமிடங்களில் முடிய வேண்டிய சி.டி. ஸ்கேன் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. ஒரே இடத்தில் 151 முறை கதிர் செலுத்தப்பட்டதாகத் தெரியவந்தது. அதே மாநிலத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் புகழ்பெற்ற மருத்துவமனையில், கருவியில் அளவு தவறாக அமைக்கப்பட்டதால், 18 மாதங்களில் 206 நோயாளிகள் மூளை ஸ்கேனின்போது எட்டு மடங்கு கதிரைப் பெற்றனர். நோயாளி ஒருவருக்குத் தலைமுடி கொட்டிய பிறகே 2009-இல் அது வெளிச்சத்துக்கு வந்தது. இதன் தொடர்ச்சியாக ஒவ்வொரு சி.டி. ஸ்கேனிலும் கதிரின் அளவைப் பதிவு செய்ய வேண்டும் என்று கலிபோர்னியா 2010-இல் சட்டம் இயற்றியது.

தவறு எங்கும் நடக்கும். ஆனால் முதல் சம்பவத்தில், குழந்தைக்கு ஸ்கேன் எடுத்த தொழில்நுட்பரின் உரிமத்தை அந்த மாநில அரசு ரத்து செய்தது. ரத்து செய்வதற்கு அங்கே ஓர் உரிமம் இருந்தது. அமெரிக்காவில் கதிரியல் தொழில்நுட்பர்களுக்கான பதிவேடு 1922-லேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் அந்த ஆண்டில் இதே தவறு நடந்திருந்தால் ரத்து செய்யத் தேசிய அளவில் எதுவும் இருந்திருக்காது. ஒரு மருத்துவமனையில் வேலை போனவர் அடுத்த வாரம் பக்கத்து மருத்துவமனையில் அதே நாற்காலியில் அமர எந்தத் தடையும் இருக்கவில்லை.

மும்பையும் ஒரு பாடத்தைக் கண்டது. 2018 ஜனவரியில் மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் எம்.ஆர்.ஐ. அறைக்குள், நோயாளியின் உறவினர் ஆக்சிஜன் சிலிண்டருடன் நுழைந்தபோது காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்-ரே கதிர் இல்லை. படம் எடுக்காத நேரத்திலும் அதன் காந்தம் விழித்தே இருக்கும் என்பது அந்த அறையின் முதல் விதி. அறை வாசலில் யாரை நிறுத்த வேண்டும், எதை உள்ளே விடக்கூடாது என்பதும் கதிரியல் தொழில்நுட்ப மாணவரின் மருத்துவமனைப் பயிற்சியில் அடங்கும். அது நீண்ட பாடமும் அன்று. ஆனால் அந்த வாசலில் நின்று பழகினால்தான் மனத்தில் நிற்கும்.

சட்டம் வந்த பிறகு

சட்டம் வந்து மூன்றாண்டுகள் கடந்தும் பல மாநிலங்கள் அசையவில்லை. மருத்துவத் தொழில்நுட்பர்களின் கூட்டமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2024 ஆகஸ்ட் 12-ஆம் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, 14 மாநிலங்கள் மட்டுமே கவுன்சில் அமைத்திருப்பதையும், அமைத்த இடங்களிலும் அவை செயல்படாமல் இருப்பதையும் சுட்டிக்காட்டியது. அக்டோபர் 12-ஆம் தேதிக்குள் சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைச் செயல்படுத்தச் சொல்லி நீதிமன்றம் நாள் குறிக்க வேண்டியிருந்தது.

2025-இல் தேசிய ஆணையம் பத்துத் தொழில்களுக்கான ஒரே சீரான பாடத்திட்டங்களை வெளியிட்டது. கதிரியல் மற்றும் படமெடுப்புத் தொழில்நுட்பம், கதிர்ச் சிகிச்சைத் தொழில்நுட்பம் இரண்டும் அவற்றில் உண்டு. உள்ளிருப்புப் பயிற்சியும் அதில் இடம்பெற்றுள்ளது. அதே ஆண்டு டிசம்பரில், அணுமின் துறையைத் தனியாருக்குத் திறந்துவிடும் 'சாந்தி' சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்த அது, ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டபூர்வ அந்தஸ்தை அளித்தது. 2011-இல் கொண்டுவரப்பட்டு 2014-இல் காலாவதியான மசோதா செய்ய முனைந்ததும் இதைத்தான். விவாதம் முழுவதும் அணு உலைகளையும் விபத்து இழப்பீட்டையும் சுற்றியே நடந்தது. அது இயல்பே. ஆனாலும், அணு உலையின் வாசலைக்கூட வாழ்நாளில் காணாத கோடிக்கணக்கான இந்தியர்கள் கதிர்வீச்சைச் சந்திக்கும் ஒரே இடம் எக்ஸ்-ரே அறைதான் என்பதை எந்தக் கட்சியும் வலியுறுத்தியதாக நினைவில்லை.

ஆக, இப்போது இரண்டு அமைப்புகள் சட்ட பலத்துடன் நிற்கின்றன. கருவியையும் அறையையும் டிராம்பே வாரியம் பார்க்கும். படிப்பையும் படித்தவரையும் தேசிய ஆணையமும் மாநிலக் கவுன்சில்களும் பார்க்கும். இரண்டுக்கும் இடையே ஒரு கதவு திறக்கப்பட வேண்டியிருக்கிறது. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் மருத்துவமனை தொழில்நுட்பரின் சான்றிதழை இணைக்கும்போது, அவர் பெயர் தேசியப் பதிவேட்டில் உள்ளதா என்று வாரியத்தின் கணினியே சரிபார்க்குமானால், போலி நிலையங்களின் வியாபாரம் ஓராண்டில் படுத்துவிடும். புதிய சட்டமோ பெரிய நிதியோ அதற்குத் தேவையில்லை. சுகாதார அமைச்சகமும் அணுசக்தித் துறையும் ஒரே மேசையில் அமர்ந்தால் போதும். சுகாதாரத்துக்கு ஓர் அமைச்சரும், அணுசக்திக்குப் பிரதமர் அலுவலகமும் பொறுப்பாக உள்ள நிலையில், அந்த மேசையைப் போடுவதுதான் கடினம் போலும்.

மாணவர்களின் அச்சம் வேறு. ஏற்கெனவே பணம் கட்டிப் படித்துக்கொண்டிருப்பவர்கள் தங்கள் நிலையம் அங்கீகரிக்கப்படுமா என்று தெரியாமல் இருக்கிறார்கள். இவர்களில் பலர் மருத்துவ இடம் கிடைக்காமல், நகையை அடகு வைத்து இந்தப் படிப்பில் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள். ஏமாற்றியது நிலையம் என்றால், பதிவேட்டில் இடம் மறுக்கப்படும் தண்டனை மாணவருக்கு வரக்கூடாது. பணியில் உள்ளவர்களின் அனுபவத்தைக் கணக்கில் கொள்வதுபோல, பாதியில் நிற்கும் மாணவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் விடுபட்ட பயிற்சி மாதங்களை ஈடுகட்ட வாய்ப்பளிக்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் எக்ஸ்-ரே அறைகளில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. கற்றுத்தர மூத்த தொழில்நுட்பர்களும் இருக்கிறார்கள். அவர்களின் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட்டால் கற்றுத்தர நேரமும் இருக்கும்.

உள்ளிருப்புப் பயிற்சி மாணவரின் கையில் ஒரு பதிவேடு தரப்படுகிறது. எத்தனை மார்புப் படம், எத்தனை முதுகெலும்புப் படம், எத்தனை குழந்தைகள், எத்தனை முறை மீண்டும் எடுக்க நேர்ந்தது என்று அன்றாடம் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையொப்பம் பெற வேண்டும். டிராம்பேயில் படித்த இயற்பியலாளர் பன்னிரண்டு மாதங்கள் சுமப்பதும் இதைப் போன்ற ஒன்றைத்தான். ஆண்டு முழுவதற்குமான கையொப்பங்கள் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரே பேனாவால் போடப்பட்டிருந்தால், அதைக் கண்டுபிடிக்க வேண்டிய ஆய்வாளரை அனுப்பும் பொறுப்பு இனி மாநிலக் கவுன்சிலுடையது.